காமிக்-கானுக்குப் போக ஆசை, கையில் பணம் குறைவு: வாசகர் கேள்வி–பதில்

காமிக்ஸ், அனிமே, அறிவியல் புனைகதை, வீடியோ கேம் என்று எதன் ரசிகராக இருந்தாலும் சரி, ரசிகர் மாநாட்டுக்குப் போய்வர ஆகும் செலவைப் பற்றித்தான் இந்த முறை கேள்விகள் குவிந்திருக்கின்றன. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துப் பதில் சொல்லியிருக்கிறோம்.

கேள்வி: முதல் தடவை போகப்போகிறேன். டிக்கெட்டுக்குப் பணம் சேர்த்துவிட்டேன். இது போதுமா, மொத்தச் செலவை எப்படிக் கணக்குப் போடுவது?

டிக்கெட்டிலிருந்து கணக்கைத் தொடங்கினால் கடைசியில் கை கடிக்கும். வெளியூர் மாநாடு என்றால் பயணமும் அறையும்தான் பெரிய செலவு. பல சமயம் டிக்கெட் அதில் ஒரு பங்குதான் வரும். ஒரு தாளில் ஆறு வரி எழுதுங்கள்: நுழைவு, பயணம், தங்குமிடம், சாப்பாடு, உள்ளே வாங்கும் பொருள்கள், கையெழுத்தும் போட்டோவும். ஏழாவது வரி அவசரச் செலவு. மொத்தத்தில் பத்தில் ஒரு பங்கை அதற்கு ஒதுக்குங்கள். செருப்பு அறுந்தாலும் கடைசி ரயில் போய்விட்டாலும் அந்தப் பணம்தான் காப்பாற்றும்.

முதல் மூன்று வரிகளும் நீங்கள் எப்போது முடிவெடுக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தவை. அட்லாண்டாவில் 1987 முதல் நடந்துவரும் டிராகன் கானில், அடுத்த ஆண்டுக்கான கட்டணம் இந்த ஆண்டு மாநாடு நடக்கிற சமயத்தை ஒட்டித்தான் மிகக் குறைவு. அப்புறம் படிப்படியாக ஏறும். பல மாநாடுகளில் இதே கதைதான். சான் டியேகோ காமிக்-கானில் வாசலில் டிக்கெட்டே கிடையாது. 1970-ல் சில நூறு பேரோடு தொடங்கியது, இன்று ஒரு லட்சத்து முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் வரும் இடமாகிவிட்டது. உறுப்பினர் எண்ணை முன்கூட்டியே உருவாக்கி வைத்துக்கொண்டு, விற்பனை நாளன்று இணையத்தில் காத்திருந்துதான் பேட்ஜ், அதாவது நுழைவு அட்டை, வாங்க வேண்டும். விற்பனை நாள் காலையில் எண்ணைத் தேடுபவருக்குக் கிடைக்காது.

வாங்கும் வரிசையும் முக்கியம். ரத்து செய்தால் பணம் முழுசாகத் திரும்பும் அறையை முதலில் பிடியுங்கள். அடுத்து டிக்கெட். டிக்கெட் உறுதியான பிறகே ரயிலோ விமானமோ. இதைத் தலைகீழாகச் செய்து, திரும்பக் கொடுக்க முடியாத விமான டிக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு பேட்ஜுக்கு அலைபவர்கள் ஒவ்வோர் ஆண்டும் இருக்கிறார்கள்.

கேள்வி: மூன்று நாள் மாநாடு. ஒரு நாளுக்குத்தான் வசதி. எந்த நாள் போகலாம்?

உங்களுக்குப் பிடித்த விருந்தினர் சனிக்கிழமை மட்டும்தான் வருகிறார் என்றால் தவிர, சனிக்கிழமை வேண்டாம். கூட்டமும் கட்டணமும் அன்றுதான் உச்சம். வெள்ளிக்கிழமை கடைகளில் சரக்கு முழுசாக இருக்கும், ஓவியர்களோடு நின்று நாலு வார்த்தை பேசலாம். ஞாயிறன்று விலை இறங்கும். ஆனால் அரங்கம் சீக்கிரம் மூடிவிடும், பெயர்பெற்ற விருந்தினர்களில் சிலர் மதியமே கிளம்பிவிடுவார்கள். பொருள் வாங்கத்தான் போகிறீர்கள் என்றால் ஞாயிறு, ஆட்களைப் பார்க்க என்றால் வெள்ளி.

இரண்டு நாள் போகலாம் என்ற எண்ணம் வந்தால், இரண்டு தனி டிக்கெட்டையும் கூட்டி முழு மாநாட்டு டிக்கெட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். வித்தியாசம் பல நேரம் மிகக் கொஞ்சம்தான்.

ஒரு நாள் மட்டும் இருப்பவர்கள் பெரிய அரங்கின் வரிசையில் அந்த நாளைத் தொலைக்க வேண்டாம் என்பது எங்கள் கருத்து. சான் டியேகோவின் ஹால் எச் அரங்கில் சுமார் 6,500 பேர் உட்காரலாம். அப்படியும் முந்தைய இரவே வரிசை தொடங்கிவிடும். அங்கே ஒரு நிகழ்ச்சி முடிந்ததும் அரங்கைக் காலி செய்யச் சொல்வதில்லை, அதனால் மாலை நிகழ்ச்சிக்காகக் காலையிலேயே உட்காருபவர்கள் எழுந்திருக்க மாட்டார்கள். பெரிய அறிவிப்புகள் அன்றைக்கே இணையத்தில் வந்துவிடும். சிறிய அறையில் நாற்பது பேருக்கு நடுவே ஒரு ஓவியர் காமிக்ஸ் பக்கத்தைக் கட்டங்களாகப் பிரிப்பதை வரைந்து காட்டுவது எங்கேயும் வராது.

கேள்வி: நாங்கள் ஐந்து பேர். மாநாட்டு ஓட்டலில் அறை விலை அதிகம். 12 கிலோமீட்டர் தள்ளி பாதி விலைக்குக் கிடைக்கிறது. ஐந்து பேரும் ஒரே அறையில் சமாளித்துக்கொள்ளலாமா?

இரட்டைக் கட்டில் இரண்டு போட்ட அறைக்குப் பெரும்பாலும் நான்கு பேர்தான் வரம்பு. தீ விபத்து விதிகளை வைத்துப் போடும் எண்ணிக்கை அது. ஐந்தாவது ஆளை ஒளித்துக் கொண்டுபோய் மாட்டினால் கூடுதல் கட்டணமோ, ராத்திரியில் வெளியேற்றமோ, எது வந்தாலும் யார் பெயரில் அறை இருக்கிறதோ அவர் தலையில்தான் விடியும். ஆகவே ஐந்து பேருக்கு இரண்டு அறை என்றே கணக்கு வையுங்கள்.

மாநாட்டு ஓட்டலில் ஓர் அறை ஓர் இரவுக்கு 100 என்று வைத்துக்கொள்வோம். இரண்டு அறை 200, தலைக்கு 40. தூரத்தில் இரண்டு அறை 100, தலைக்கு 20. மிச்சம் 20 என்று தோன்றும். அந்த இருபதிலிருந்து தினமும் போகவர ஆகும் கட்டணத்தைக் கழியுங்கள். இரவு நிகழ்ச்சிகள் நள்ளிரவைத் தாண்டும், கடைசிப் பேருந்து காத்திருக்காது. ஒரு நாளாவது டாக்ஸி பிடிக்க வேண்டிவரும், அதில் உங்கள் பங்கையும் கழியுங்கள். கடைசி நாள் பெட்டியை எங்கே வைப்பது? மாநாட்டு ஓட்டலில் தங்கினால் அறையைக் காலி செய்த பிறகும் வரவேற்பில் வைத்துவிட்டுப் போகலாம். தூரத்தில் தங்கினால் அரங்கின் பொருள் காப்பறைக்குக் காசு கட்ட வேண்டும், இல்லையென்றால் பெட்டியைக் கையோடு இழுத்துக்கொண்டு திரிய வேண்டும். இவ்வளவும் போக மிச்சம் 5 என்று வந்தால் பக்கத்து ஓட்டலே மேல். இன்னும் மூன்று பேரைச் சேர்த்து எட்டுப் பேரானால் அங்கேயே தலைக்கு 25 ஆகிவிடும். மாநாட்டுக்கென்று ஒதுக்கிய சலுகை விலை அறைகளை மாநாட்டின் இணையதளம் வழியாகப் பதிந்தால்தான் அந்த விலை கிடைக்கும், ஓட்டலை நேரடியாகக் கேட்டால் சாதாரண விலையைத்தான் சொல்வார்கள்.

பணத்தை எப்போது வசூலிப்பது என்பதில்தான் நட்பு உடைகிறது. அபராதமில்லாமல் ரத்து செய்யும் கடைசித் தேதியைப் பார்த்து, அதற்கு ஒரு வாரம் முன்னால் எல்லோரிடமும் முழுப் பங்கையும் வாங்கிவிடுங்கள். தராதவர் வரவில்லை என்று வைத்துக்கொண்டு வேறு ஆளைத் தேட அந்த ஒரு வாரம் போதும். தரையில் படுப்பவருக்குப் பங்கு குறைவா, விளக்கணைக்கும் நேரம் என்ன, விருந்தாளிகளை அழைத்துவரலாமா, இதையெல்லாம் முன்பே எழுதி எல்லோருக்கும் அனுப்பிவிடுங்கள்.

இன்னொன்று பலருக்குத் தெரிவதில்லை. அறைக்குள் போகும்போது ஓட்டல்காரர்கள் அட்டையில் ஒரு தொகையை முன்பணமாகப் பிடித்து வைப்பார்கள். கிரெடிட் கார்டு என்றால் வரம்பில் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். டெபிட் கார்டு என்றால் உங்கள் கணக்கிலுள்ள பணமே முடங்கும். அறையைக் காலி செய்து சில நாள் கழித்தே அது விடுபடும். சாப்பாட்டுக்கு வைத்திருந்த பணம் முதல் நாளே இப்படிச் சிக்கிக்கொள்ளும். எவ்வளவு பிடிப்பார்கள் என்று தொலைபேசியில் முன்பே கேட்டுவிடுங்கள்.

மாநாடுகளில் 5-2-1 என்று ஒரு கணக்கு சொல்வார்கள்: ஒரு நாளைக்குக் குறைந்தது 5 மணி நேரத் தூக்கம், 2 வேளை சாப்பாடு, 1 குளியல். ஒரே குளியலறைக்கு நான்கு பேர் என்றால் அந்தக் குளியலுக்கு முதல் நாளே நேரம் பிரித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: தன்னார்வலராகப் போனால் இலவசமாம். உண்மையா?

உண்மைதான். இத்தனை மணி நேரம் வேலை செய்தால் நுழைவு இலவசம் என்பது பல மாநாடுகளில் உண்டு. நிறைய நேரம் தருபவருக்குப் பகிர்ந்து தங்கும் அறை தரும் இடங்களும் உண்டு. விண்ணப்பிக்கும் முன் மூன்று கேள்வி கேளுங்கள். மொத்தம் எத்தனை மணி நேரம்? எந்த நேரம் என்பதை நான் தேர்ந்தெடுக்கலாமா? முதலில் நான் டிக்கெட் பணம் கட்டி, வேலை முடிந்த பிறகு திரும்பப் பெற வேண்டுமா? மூன்றாவதுக்கு "ஆம்" என்று பதில் வந்தால் அந்தப் பணம் சில வாரம் உங்கள் கையில் இருக்காது. கூட்டத்தை ஒழுங்குபடுத்தும் வேலையில் நாள் முழுக்க நின்றுகொண்டே இருக்க வேண்டும். பதிவு மேசை, பொருள் காப்பறை ஆகியவற்றில் உட்காரலாம். மாநாடு தொடங்கும் முன்னும் முடிந்த பின்னும் மேசை நாற்காலி அடுக்கும் வேலையைக் கேட்டு வாங்கினால் நிகழ்ச்சி எதுவும் தவறாது.

பேசத் தெரிந்தவர் என்றால் கலந்துரையாடல் ஒன்றை நீங்களே நடத்த முன்மொழியலாம். பேச்சாளருக்கு இலவச நுழைவு தரும் மாநாடுகள் உண்டு. ஆனால் விதியை முதலில் படியுங்கள். உலக அறிவியல் புனைகதை மாநாடான வேர்ல்ட்கானில் பேச்சாளர்களும் உறுப்பினர் கட்டணம் கட்டுவதுதான் மரபு.

கேள்வி: கவசம் அணிந்த கதாபாத்திரமாக காஸ்ப்ளே செய்ய ஆசை. விலைக்கு வாங்க முடியாது. போன முறை ஃபோமில் செய்தது மாநாட்டு வாசலிலேயே பிரிந்துவிட்டது. என்ன தப்பு?

க்ளூ கன்னில் ஒட்டியிருப்பீர்கள். அந்தப் பசை சூட்டில் இளகும். வெயிலில் நின்ற வண்டிக்குள் இருந்தாலே போதும். ஆறினால் விறைக்கும், ஃபோமோ வளையும். நீங்கள் கையைத் தூக்கும்போது ஓரத்திலிருந்து உரிந்து வந்துவிடும். மூட்டுகளுக்கு கான்டாக்ட் சிமென்ட் என்கிற பசைதான் சரி. ஒட்ட வேண்டிய இரண்டு ஓரத்திலும் மெல்லிய பூச்சு, பிறகு ஐந்திலிருந்து பத்து நிமிடம் பொறுமை. விரலால் தொட்டால் பிசுபிசுக்க வேண்டும், ஆனால் விரலில் ஒட்டி வரக் கூடாது. அந்தப் பதத்தில் அழுத்தினால் அங்கேயே பிடித்துக்கொள்ளும், நகர்த்திச் சரிசெய்ய முடியாது. ஈரத்தோடு ஒட்டுவதுதான் அடுத்த பெரிய தப்பு. ஒட்டியபின் ஒரு நாள் முழுக்க இழுக்காமல் விடுங்கள். அந்தப் பசையின் ஆவி தீப்பிடிக்கும். சன்னலைத் திறந்து வைத்துச் செய்யுங்கள், பசை காயும்வரை ஹீட் கன்னை (சூடான காற்றை ஊதும் கருவி) பக்கத்தில் கொண்டுவர வேண்டாம்.

பொருளுக்குக் கைவினைக் கடை ஃபோம் தேவையில்லை. தரையில் கோத்து விரிக்கும் ஈவிஏ ஃபோம் பாய் போதும். 10 அல்லது 12 மில்லிமீட்டர் தடிமனில் கிடைக்கும், மார்புக்கும் முதுகுக்கும் சரியாக இருக்கும். கை, காலுக்கு 5 அல்லது 6 மில்லிமீட்டர். மேலே ஒட்டும் விளிம்பு வேலைப்பாட்டுக்கு 2 மில்லிமீட்டர். ஆனால் ஃபோம் வாங்கும் முன் அச்சு எடுங்கள். பழைய பனியனைப் போட்டுக்கொண்டு உடம்பைச் சுற்றி க்ளிங் ஃபிலிம் என்கிற மெல்லிய பிளாஸ்டிக் தாளை இறுக்காமல் சுற்றி, அதன்மேல் மாஸ்கிங் டேப்பை நண்பர் ஒருவரை ஒட்டச் சொல்லுங்கள். கவசத்தின் கோடுகளை அதன்மேல் மார்க்கரால் வரையுங்கள். கோடு நெடுக மூன்று சென்டிமீட்டருக்கு ஒரு குறுக்குக் கீறல் போட்டு, துண்டுகளுக்கு எண் கொடுத்துவிட்டு வெட்டி எடுங்கள். அந்தக் கீறல்கள் இல்லாவிட்டால் ஒட்டும்போது எந்த இடம் எதோடு சேரும் என்று தெரியாது. துண்டுகளைச் செய்தித்தாளில் வரைந்து, தரையில் பாயின் அளவுக்குச் சதுரம் போட்டு அடுக்கிப் பாருங்கள். எத்தனை பாய் வேண்டும் என்று தெரிந்துவிடும். முதலில் பாய் வாங்கிவிட்டுப் பிறகு அச்செடுப்பவர்கள்தான் மிச்சத்தைக் குப்பையில் போடுகிறார்கள்.

கத்தி மழுங்கினால் ஃபோம் வெட்டுப்படாது, பிய்யும். அடிக்கடி அலகை மாற்றுங்கள் அல்லது தீட்டுங்கள். கவசம் கையால் செய்ததா கடையில் வாங்கியதா என்பதை வெட்டு ஓரம்தான் காட்டிக்கொடுக்கும். ஒட்டும் முன் ஒவ்வொரு துண்டையும் ஹீட் கன்னில் காட்டி வளைத்து, ஆறும்வரை அதே வளைவில் பிடியுங்கள். சூடு பட்டதும் மங்கலான மேற்பரப்பு லேசாக மினுங்கும். நுண்துளைகள் மூடிக்கொண்டன என்று அர்த்தம். மூடாத ஃபோமில் சாயம் அடித்தால் ஊறிக்கொண்டே போகும், காய்ந்தபின் வெடிக்கும். சூடு காட்டிய பிறகு வெள்ளைப் பசையில் சம அளவு தண்ணீர் கலந்து மூன்று, நான்கு பூச்சுப் பூசிக் காயவைத்துவிட்டு அக்ரிலிக் சாயம் அடியுங்கள். தேய்க்கும்போது கிளம்பும் தூள் நுரையீரலுக்கு ஆகாது, தூசு வடிகட்டும் முகக்கவசம் கட்டாயம்.

பட்டையை ஒரே புள்ளியில் ஒட்டினால் அங்கேதான் கிழியும். ஐந்து சென்டிமீட்டர் நீளத்துக்காவது உள்பக்கம் ஒட்டி, மேலே ஒரு ஃபோம் துண்டை மூடுங்கள். பையில் ஊக்கு, ஊசி நூல், இருபக்க டேப், சூப்பர் க்ளூ ஒரு குப்பி. சூப்பர் க்ளூ அவசரத்துக்கு மட்டும். விறைத்து நொறுங்கும், மறுநாளைக்குத் தாங்காது.

வீட்டிலிருந்தே வேடத்தோடு கிளம்பும் முன் விதியைப் படியுங்கள். உதாரணமாக டோக்கியோவில் நடக்கும் காமிக்ஸ் சந்தையான காமிகெட்டில் வேடத்தோடு வருவதும் போவதும் கூடாது. அங்குள்ள உடைமாற்றும் அறையில்தான் மாற்ற வேண்டும். ஆயுத மாதிரிகளைப் பல இடங்களில் வாசலிலேயே சோதித்து அடையாளப் பட்டை கட்டுவார்கள். உலோக அலகை உள்ளே விடமாட்டார்கள். நீளத்துக்கும் வரம்பு இருக்கும்.

கேள்வி: உள்ளே சாப்பாடு விலை மிக அதிகம். எடுத்துப் போகலாமா?

அரங்கத்துக்கு அரங்கம் விதி வேறு. காலி தண்ணீர் பாட்டிலைப் பெரும்பாலும் தடுப்பதில்லை, உள்ளே நிரப்பிக்கொள்ளலாம். உருகாத, மணக்காத, ஒரு கையால் சாப்பிடக்கூடியதை எடுத்துப் போங்கள்: கடலை, உலர்பழம், ரொட்டி. கனமான காலைச் சாப்பாட்டை அறையிலேயே முடித்துவிட்டு, 12 மணிக் கூட்டத்தைத் தவிர்த்து 11-க்கோ 3-க்கோ சாப்பிடுங்கள். விலை மாறாது, ஆனால் வரிசையில் ஒரு மணி நேரம் மிச்சம். ரசிகர்களே நடத்தும் அறிவியல் புனைகதை மாநாடுகளில் உறுப்பினர்களுக்கென ஓர் உபசரிப்பு அறை இருக்கும், கொறிக்கவும் குடிக்கவும் இலவசமாகக் கிடைக்கும். அது எந்த மாடியில் என்று போனவுடன் விசாரியுங்கள்.

கேள்வி: கடைகளைப் பார்த்ததும் பணம் கரைந்துவிடுகிறது. எப்படிக் கட்டுப்படுத்துவது?

ஒவ்வொரு நாளுக்கும் ஒரு உறை, அதில் அன்றைய பணம் ரொக்கமாக. மிஞ்சினால் மறுநாள் உறைக்கு. மறுநாள் உறையிலிருந்து கடன் கிடையாது. முதல் சுற்றில் வாங்காதீர்கள். பிடித்ததை, மேசை எண் தெரிகிற மாதிரி படம் எடுத்துக்கொண்டு நகருங்கள். சாயங்காலம் அந்தப் படங்களைப் பார்க்கும்போது பாதி வேண்டாம் என்று தோன்றும். ஓவியர் கையால் செய்த, ஒன்றே ஒன்று இருக்கும் பொருளுக்கு மட்டும் இந்த விதி பொருந்தாது. அதை அப்போதே வாங்கிவிடுங்கள்.

ஞாயிறு மதியத்துக்கு மேல் வியாபாரிகள் கனமானதைத் திரும்ப ஏற்றிச்செல்ல விரும்ப மாட்டார்கள். தடித்த புத்தகத் தொகுதி, பெரிய பெட்டிப் பொம்மை, பழைய இதழ்க் கட்டு, இவற்றுக்குத் தயங்காமல் பேரம் பேசலாம். ஓவியர்கள் தங்கள் படைப்பைத் தாங்களே விற்கும் ஆர்ட்டிஸ்ட் ஆலியில் பேரம் வேண்டாம். அங்கே உட்கார்ந்திருப்பவர் மேசைக்கு வாடகை கட்டி, சொந்தச் செலவில் அச்சடித்துக் கொண்டுவந்திருக்கிறார். காசு குறைவென்றால் அவருடைய அஞ்சலட்டை, ஸ்டிக்கர், சின்னப் படம் வாங்குங்கள். படங்கள் கசங்காமலிருக்க வீட்டிலிருந்தே கெட்டி அட்டைக் கோப்பு ஒன்றைக் கொண்டுபோங்கள்.

பொம்மைகளில் போலி நிறைய. விலை நம்ப முடியாத அளவுக்குக் குறைந்திருந்தால் தலைமுடியும் கழுத்தும் சேருகிற இடத்தைப் பாருங்கள்: போலியில் இடைவெளி தெரியும், அச்சு விளிம்பு தடவினால் கையில் நெருடும். கண்கள் ஒன்றுக்கொன்று மட்டம் தவறியிருக்கும். பெட்டி எழுத்து மங்கியிருக்கும். திறந்தால் கடுமையான ரசாயன வாடை வீசும்.

காமிகெட் போகிறவர்களுக்கு ஒரு குறிப்பு: பெரும்பாலான மேசைகளில் ரொக்கம்தான். 100, 500 யென் நாணயங்களும் 1,000 யென் நோட்டுகளும் கட்டாகக் கொண்டுபோங்கள். பெரிய நோட்டை நீட்டினால் சில்லறைக்காகப் பின்னால் நிற்கும் வரிசையே தேங்கும்.

கேள்வி: நட்சத்திரத்தோடு போட்டோவா, கையெழுத்தா? ஒன்றுக்குத்தான் பணம் இருக்கிறது.

கையெழுத்து. போட்டோ வரிசையில் உங்களுக்குக் கிடைப்பது சில விநாடிகள். கையெழுத்து மேசையில் பெயர் எழுதும் நேரத்துக்காவது பேசலாம். எழுத்தாளர்களும் காமிக்ஸ் ஓவியர்களும் நீங்கள் கொண்டுவந்த புத்தகத்தில் பல சமயம் இலவசமாகவே போட்டுத் தருவார்கள். எத்தனை புத்தகம் என்ற வரம்பைக் கேட்டுக்கொள்ளுங்கள். விருந்தினர் வராவிட்டால் தனியாகக் கட்டிய போட்டோப் பணம் பொதுவாகத் திரும்பும், நுழைவு டிக்கெட் பணம் திரும்பாது. ஒரே ஒருவரை நம்பி டிக்கெட் வாங்காதீர்கள்.

கேள்வி: டிக்கெட் தீர்ந்துவிட்டது. தெரியாத ஒருவர் தன்னுடையதை விற்கிறாராம். வாங்கலாமா?

மாநாடே நடத்தும் மறுவிற்பனை வழி இருந்தால் அதில் மட்டும் வாங்குங்கள். க்யூ.ஆர். குறியீட்டின் படத்தை ஒரே ஆள் பத்துப் பேருக்கு விற்கலாம்; முதலில் காட்டுபவர் மட்டும் உள்ளே போவார். சான் டியேகோவில் போல பேட்ஜ் பெயரோடு கட்டப்பட்டிருந்தால் அடுத்தவர் பேட்ஜ் உங்களுக்கு உதவாது.

கேள்வி: வெளிநாட்டு மாநாட்டுக்குப் போக வழியே இல்லை. கலந்துகொள்ள வேறு முறை உண்டா?

உண்டு. வேர்ல்ட்கான் 1939-ல் நியூயார்க்கில் தொடங்கியது. அதில் நேரில் வராத உறுப்பினராகவும் சேரலாம். நேரில் வருவதற்கான கட்டணத்தைவிட இது மிகக் குறைவு. அறிவியல் புனைகதைக்கான ஹ்யூகோ விருதுக்குப் பரிந்துரைக்கவும் வாக்களிக்கவும் உரிமை கிடைக்கும். இறுதிப் பட்டியலில் உள்ள நாவல்கள், கதைகள், காமிக்ஸ் பலவற்றை வாக்காளர்கள் படிக்க மின்வடிவில் அனுப்புவது பல ஆண்டு வழக்கம். சில பதிப்பாளர்கள் முழு நூலுக்குப் பதில் ஒரு பகுதியை மட்டும் தருவதும் உண்டு. 2020-ல் நியூசிலாந்து நடத்த வேண்டிய வேர்ல்ட்கான் முழுக்க இணையத்திலேயே நடந்தது. அதன்பின் இணையவழி உறுப்பினர் கட்டணம் என்று தனியாக வைக்கும் மாநாடுகள் கூடியிருக்கின்றன.

நேரில் போயே தீர வேண்டும் என்றால், ரசிகர்களே பணம் திரட்டி ரசிகரை அனுப்பும் நிதிகளைப் பாருங்கள். அட்லாண்டிக்கின் ஒரு கரையிலிருந்து மறுகரை மாநாட்டுக்கு ஒருவரை அனுப்ப 1953-ல் தொடங்கியது டாஃப் என்கிற நிதி. ஆஸ்திரேலியா, நியூசிலாந்துப் பக்கத்துக்கு டஃப், கஃப் என்று இரண்டு. வேட்பாளராக நிற்க டாஃபுக்கு ஐந்து பேர் முன்மொழிய வேண்டும்: உங்கள் கரையிலிருந்து மூன்று, அக்கரையிலிருந்து இரண்டு. அதனால் இதழ்களில் எழுதி, கடிதம் போட்டு, அக்கரை ரசிகர்களுக்கு உங்கள் பெயர் முன்பே தெரிந்திருக்க வேண்டும். ரசிகர்களின் வாக்கெடுப்பில் ஜெயித்துப் போய்வருபவர் பயணக் கட்டுரை எழுதுவார், தன் பக்கத்து நிதிக்கு அடுத்தவர் தேர்வாகும்வரை அவரே பொறுப்பாளராக இருப்பார்.